நம் வாசிப்பை யாரும் பின்தொடராதிருக்க: பயர்பாக்ஸும் யூபிளாக் ஆரிஜினும்

எங்கள் கிளை நூலகத்தில் வாசகர்களுக்கென்று வைத்திருக்கும் கணினிகளில் இப்போது குரோம் கிடையாது. பயர்பாக்ஸ் பிரவுசரைப் போட்டு, அதற்குள் யூபிளாக் ஆரிஜின் என்ற எக்ஸ்டென்ஷனைச் சேர்த்திருக்கிறேன். பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருள் அது, விளம்பரங்களையும் நம்மைப் பின்தொடரும் நிரல்களையும் தடுக்கும். மாவட்ட மைய நூலகத்தில் சொல்லி, ஒப்புதல் வாங்கிவிட்டுத்தான் செய்தேன். என் சொந்த போனிலும் அதே ஏற்பாடுதான். ஓராண்டுக்கு மேல் தினமும் புழங்கிய பிறகு எழுதுகிறேன். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களில் எனக்கு இந்த அளவு மனநிறைவு தந்தது வேறொன்று இல்லை. குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் சொல்கிறேன்.

மூன்றாம் நிலை நூலகருக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் கேட்டார்கள். யார் எந்தப் புத்தகத்தை இரவல் எடுத்துப்போகிறார் என்பது எனக்குத் தெரியும். விவாகரத்துச் சட்டம் பற்றிய நூலை ஒருவர் எடுத்துப்போவார். குடியை விட நினைக்கும் ஒருவர், மேசைக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி அது சம்பந்தமான புத்தகத்தைக் கேட்பார். அதை நான் டீக்கடையில் போய்ச் சொன்னால் அவர் மறுபடி நூலகப் படி ஏற மாட்டார். அமெரிக்க நூலகச் சங்கம் 1939இலேயே, வாசகரைப் பற்றித் தெரியவரும் அந்தரங்க விஷயங்களை நூலகர் ரகசியமாகக் காக்க வேண்டும் என்று தன் நெறிமுறைகளில் எழுதி வைத்தது. எனக்கு அதை யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை. எனக்கு முன்னால் இங்கே இருந்தவர் அப்படித்தான் நடந்துகொண்டார், அவரைப் பார்த்து நானும் கற்றுக்கொண்டேன்.

ஆனால் அதே வாசகர் நாலடி தள்ளி இருக்கும் கணினியில் உட்கார்ந்து அதே விஷயத்தைத் தேடினால், அவருக்குப் பெயர்கூடத் தெரியாத பத்திருபது நிறுவனங்களுக்கு அது போய்ச் சேர்கிறது. இரவல் பதிவேட்டைப் பூட்டி வைத்துவிட்டு, கணினியை மட்டும் திறந்து போட்டிருந்தால் அது என்ன நூலகம்?

இது எவ்வளவு தூரம் போகும் என்பதை ஒரு நாள் நேரில் பார்த்தேன். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன். பிற்பகல் நேரம், கூட்டம் அதிகம் இல்லை. ஒரு பெண் கணினியில் உட்கார்ந்து, தமிழில் தட்டச்சு செய்ய என்னிடம் உதவி கேட்டார். குழந்தைப்பேறு சிகிச்சை பற்றித்தான் தேடினார். நெடுநேரம் படித்து, ஒரு தாளில் குறிப்பெடுத்துக்கொண்டார். பிறகு எழுந்து வார இதழ் மேசைக்குப் போய்விட்டார். அந்த நாற்காலியில், குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற பையன் வந்து உட்கார்ந்து, கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க ஒரு செய்தித் தளத்தைத் திறந்தான். பக்கத்தின் மேலே, ஓரத்தில், செய்திக்கு நடுவில் என்று எங்கே பார்த்தாலும் கருத்தரிப்பு மைய விளம்பரங்கள். "மேடம், இதென்ன எனக்குப் போய் இந்த விளம்பரமா வருது?" என்று சத்தமாகக் கேட்டான். அவன் மேல் தப்பு இல்லை, அவனுக்கு என்ன தெரியும்? அந்தப் பெண் தலையை நிமிர்த்தவே இல்லை. இதழின் ஒரே பக்கத்தைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தார், கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விட்டார். இன்றும் புத்தகம் எடுக்க வருகிறார். கணினிப் பக்கம் மட்டும் வருவதில்லை.

இது எப்படி நடக்கிறது? நாம் ஒரு தளத்தைத் திறந்தால் அந்தத் தளம் மட்டும் வருவதில்லை. பக்கத்துக்குள்ளே விளம்பர நிறுவனங்களின் சிறு நிரல்களும் கூடவே வந்து இறங்குகின்றன. அவை நம் பிரவுசரில் ஓர் அடையாள எண்ணைப் போட்டு வைக்கும். அதற்குத்தான் குக்கீ என்று பெயர். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொண்டுல்லி என்பவர் உருவாக்கியது. ஒரு தளம் நம்மை நினைவில் வைத்துக்கொள்ளட்டும், வாங்கும் பொருள் கூடையிலேயே நிற்கட்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு. அதே விளம்பர நிறுவனத்தின் நிரல் ஆயிரக்கணக்கான தளங்களில் இருக்கும்போது, எங்கே போனாலும் அதே எண் வாசிக்கப்படுகிறது. மருத்துவத் தளத்தில் படித்ததும் கிரிக்கெட் தளத்தில் பார்த்ததும் ஒரே கணக்கில் சேர்கின்றன. அந்த எண் மனிதருக்கு உரியதாக இல்லாமல் பிரவுசருக்கு உரியதாக இருப்பதால், பொதுக் கணினியில் ஒருவர் வாசித்தது அடுத்தவர் கண் முன்னே விளம்பரமாக வந்து நிற்கிறது. வீட்டில் ஒரே போனை நாலு பேர் பார்க்கும் குடும்பங்களிலும் இதே கதைதான்.

இப்படிப் பிற நிறுவனங்கள் போடும் குக்கீகளைக் குரோமிலிருந்து எடுத்துவிடப் போவதாக கூகுள் 2020 ஜனவரியில் அறிவித்தது, இரண்டு ஆண்டுகளில் முடிப்போம் என்றது. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. விளம்பரத்தில் வாழும் நிறுவனம்தான் உலகத்தில் பெரும்பாலோர் பயன்படுத்தும் பிரவுசரையும் வைத்திருக்கிறது என்பதை நாம் மறக்கக் கூடாது. பயர்பாக்ஸ் 2022 ஜூனிலிருந்து ஒவ்வொரு தளத்தின் குக்கீகளையும் தனித்தனி ஜாடியில் அடைத்து வைப்பதை இயல்பான அமைப்பாகவே ஆக்கிவிட்டது. ஒரு தளத்தில் போட்ட எண்ணை இன்னொரு தளத்தில் வாசிக்க முடியாது. நான் பயர்பாக்ஸைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் யூபிளாக் ஆரிஜின் முழு வலுவோடு ஓடும் இடம் பயர்பாக்ஸ் என்பது. இதை எழுதியவர் ரேமண்ட் ஹில். 2014இல் யூபிளாக் என்ற பெயரில் வெளியிட்டார். அடுத்த ஆண்டு அந்தத் திட்டத்தை வேறொருவர் கையில் கொடுத்தபின், தன் வழியில் தொடர யூபிளாக் ஆரிஜின் என்று தனியாகப் பிரித்துக்கொண்டார். மூலநிரல் திறந்தே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். நன்கொடை வாங்குவதில்லை என்பதில் மனிதர் உறுதியாக இருக்கிறார். எதைத் தடுக்க வேண்டும் என்ற பட்டியல்களைப் பராமரிப்பவர்களுக்குக் கொடுங்கள் என்கிறார். "இன்னின்ன விளம்பரங்களை மட்டும் விட்டுவிடுகிறோம்" என்று எந்த நிறுவனத்தோடும் ஏற்பாடு வைத்துக்கொள்ளாத தடுப்பான் என்பதால்தான் நூலகக் கணினியில் நம்பிப் போட்டேன்.

போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். "ஆரிஜின்" என்ற சொல் இல்லாமல் யூபிளாக் என்ற பெயரில் வேறொன்றும் இருக்கிறது. அது இவருடையது இல்லை. பயர்பாக்ஸின் எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் தேடி, கீழே ரேமண்ட் ஹில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். ஆண்ட்ராய்டு போன் பயர்பாக்ஸிலும் மெனுவுக்குள் எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற இடத்திலேயே கிடைக்கும்.

போட்டதும் மேலே மூலையில் ஒரு சிவப்புக் கேடயம் தெரியும், அதன் மேல் ஓர் எண். அந்தப் பக்கம் வெளி நிரல்களையும் விளம்பரங்களையும் கேட்டு அனுப்பும் கோரிக்கைகளில் எத்தனையைத் தடுத்தது என்ற கணக்கு. விக்கிப்பீடியாவைத் திறந்தால் எண்ணே வராது. தமிழ்ச் செய்தித் தளங்கள் சிலவற்றைத் திறந்தால், நாம் தலைப்பைப் படித்து முடிப்பதற்குள் அது விறுவிறுவென்று ஏறிக்கொண்டே போகும். கேடயத்தைத் தட்டினால் சிறு பெட்டி விரியும். மொத்தம் இத்தனை களங்கள் (இணைய முகவரிகள்), அவற்றில் இத்தனையோடுதான் இணைந்திருக்கிறோம் என்று அதில் ஒரு வரி இருக்கும். மாணவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுகிறேன். பெட்டியை இன்னும் விரித்தால் பெயர்கள் வரிசையாக வரும். ஒரு சாம்பார் செய்முறைப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். டபுள்கிளிக், கூகுள் டேக் மேனேஜர், பேஸ்புக், கிரிட்டியோ, டபூலா என்று போய்க்கொண்டே இருந்தது. "மேடம், சாம்பாருக்கு எதுக்கு மேடம் பேஸ்புக்?" என்று ஒரு பெண் கேட்டாள். டபுள்கிளிக் யார் என்று தேடச் சொன்னேன். 2007இல் 310 கோடி டாலர் கொடுத்து கூகுள் வாங்குவதாக அறிவித்த விளம்பர நிறுவனம் என்று அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். ஒரு மணி நேரம் உரையாற்றினாலும் புரியவைக்க முடியாததை அந்தப் பெயர்ப்பட்டியல் ஒரு நிமிடத்தில் புரியவைத்துவிட்டது.

எதைத் தடுப்பது என்பதைப் பட்டியல்களை வைத்துத்தான் இது முடிவுசெய்கிறது. ஈஸிலிஸ்ட் விளம்பரங்களுக்கு, ஈஸிபிரைவசி பின்தொடரும் நிரல்களுக்கு. தீங்கான தளங்களின் பட்டியல் ஒன்றும் உண்டு. இவை போட்டவுடனே வேலை செய்யும், நாம் எதையும் தொட வேண்டியதில்லை. இந்தியா, இலங்கை, நேபாளத் தளங்களுக்கென்று இந்தியன்லிஸ்ட் என ஒரு பட்டியல் இருக்கிறது. அமைப்புகளில் பட்டியல்கள் பகுதிக்குப் போய், அது தேர்வாகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், தமிழ்த் தளங்களில் வித்தியாசம் தெரிகிறது.

நூலகத்தில் நான் எதிர்பாராமல் கிடைத்த பெரிய பலன் போலி டவுன்லோட் பொத்தான்கள் ஒழிந்ததுதான். தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் பழைய வினாத்தாள், நோட்ஸ் பிடிஎஃப் தேடி எந்தெந்தத் தளத்துக்கோ போகிறார்கள். அங்கே பச்சை நிறத்தில் பெரிதாக டவுன்லோட் என்று மூன்று நான்கு பொத்தான்கள். உண்மையானது எங்கோ கீழே சின்ன எழுத்தில். அவசரத்தில் பெரியதை அழுத்தினால் கண்ட மென்பொருளும் வந்து உட்காரும். அந்தப் பொத்தான்கள் எல்லாம் விளம்பரங்கள் என்பதால் இப்போது பக்கத்திலேயே தோன்றுவதில்லை. தேடுபொறி விளம்பரங்கள் வழியாகப் போலித் தளங்களுக்கு இழுத்து ஏமாற்றுகிறார்கள், தேடும்போது விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துங்கள் என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அமைப்பே 2022 டிசம்பரில் பொது அறிவிப்பு கொடுத்தது. கணினிகள் பழையவை, நினைவகம் குறைவு. வேண்டாத நிரல்கள் இறங்காததால் பக்கங்கள் முன்னைவிடச் சட்டென்று திறக்கின்றன.

பொதுக் கணினி வைத்திருப்பவர்கள், இ-சேவை மையமோ பிரவுசிங் சென்டரோ நடத்துபவர்கள், இன்னும் இரண்டு வேலை செய்ய வேண்டும். பயர்பாக்ஸ் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய், வரலாற்றை ஒருபோதும் நினைவில் வைக்காதே என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போது பிரவுசரை மூடியதும் எல்லாம் அழிந்துவிடும். மெயிலை மூடாமல் எழுந்து போகிற பிள்ளைகளுக்கு இது பெரிய காவல். ஆனால் இப்படி வைத்தால் பயர்பாக்ஸ் எப்போதும் தனிச் சாளர (பிரைவேட் விண்டோ) முறையில் ஓடும். அந்த முறையில் எக்ஸ்டென்ஷன்கள் தாமாக வேலை செய்யாது. யூபிளாக் ஆரிஜினின் விவரப் பக்கத்தில் தனிச் சாளரங்களில் இயங்க அனுமதி என்பதை நாமே அழுத்த வேண்டும். அடுத்ததாக, ஒருவர் எழுந்ததும் எல்லாச் சாளரங்களையும் மூடுவதைப் பழக்கமாக்குங்கள். நான் மேசை மேல் எழுதியே ஒட்டியிருக்கிறேன்.

சிலர், குரோமின் தனிச் சாளரமான இன்காக்னிட்டோ போதாதா என்பார்கள். போதாது. அது நம் கணினியில் வரலாற்றை வைக்காது, அவ்வளவுதான். தளங்கள் நம்மைப் பார்ப்பதை அது நிறுத்துவதில்லை. இன்காக்னிட்டோவில் உலவியவர்களின் தகவலையும் சேகரித்ததாக கூகுள் மீது 2020இல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2024 சமரச உடன்பாட்டில், சேகரித்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.

சரி, குறைகளுக்கு வருகிறேன். சில தளங்கள் உடைகின்றன. ஒரு பயணச்சீட்டுத் தளத்தில் பணம் கட்டும் சாளரம் திறக்காமல் அடம்பிடித்தது. கேடயப் பெட்டியில் இருக்கும் பெரிய பவர் பொத்தானை அழுத்தி, பக்கத்தை மறுபடி ஏற்றினால், அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பு நின்றுவிடும். வேலை நடக்கும். ஆனால் இதை அறியாதவர்கள் நெட் வேலை செய்யவில்லை என்று எழுந்து போய்விடுகிறார்கள். வேறொரு விண்ணப்பத் தளம் பயர்பாக்ஸிலேயே சரியாக ஓடவில்லை. அப்படிப்பட்டவற்றுக்காக விண்டோஸோடு வரும் எட்ஜ் பிரவுசரை விட்டுவைத்து, அதில் யூபிளாக் ஆரிஜின் லைட் போட்டிருக்கிறேன். குரோமிலும் இப்போது கிடைப்பது இந்த லைட்தான். எக்ஸ்டென்ஷன்களுக்கான விதிமுறைகளை கூகுள் மாற்றியதால், 2024இல் தொடங்கி 2025க்குள் முழுப் பதிப்பு குரோமில் ஓடாமல் போய்விட்டது. லைட் மோசமில்லை. ஆனால் ஒவ்வொரு கோரிக்கையையும் தானே நிறுத்திப் பார்த்து முடிவெடுக்கும் வலு அதற்கு இல்லை.

பயர்பாக்ஸ் மேலும் எனக்குக் குறை உண்டு. அதை நடத்தும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, கூகுளை இயல்பான தேடுபொறியாக வைப்பதற்காக கூகுள் கொடுக்கும் பணம். 2024இல் அனோனிம் என்ற விளம்பரத் தொழில்நுட்ப நிறுவனத்தை மொசில்லா வாங்கியது. 2025 பிப்ரவரியில் புதிய பயன்பாட்டு விதிகளைக் கொண்டுவந்து, உங்கள் தகவலை ஒருபோதும் விற்க மாட்டோம் என்று சொல்லியிருந்த வரியை எடுத்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. விதிகளின் வாசகத்தைத் திருத்தினார்கள். அந்த வாக்குறுதி பழையபடி நேராகத் திரும்பி வரவில்லை என்பது என் வருத்தம். நான் முதல் வேலையாகத் தேடுபொறியை டக்டக்கோவுக்கு மாற்றிவிட்டேன். ஆங்கிலத் தேடலுக்கு அது போதும். தமிழில் தேடினால் பல நேரம் கைகொடுப்பதில்லை. சங்க இலக்கிய வரி ஒன்றைத் தேடும் கல்லூரிப் பிள்ளைகள் கூகுளுக்குத்தான் போகிறார்கள், நான் தடுப்பதில்லை.

இது எதையெல்லாம் தடுக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜிமெயிலில் நுழைந்துகொண்டு யூடியூப் பார்த்தால், என்ன பார்க்கிறீர்கள் என்பது கூகுளுக்குத் தெரியும். போனில் இருக்கும் மற்ற செயலிகளுக்குள் இது எட்டாது. அவற்றுக்கு ஆண்ட்ராய்டு அமைப்புகளில் விளம்பரங்கள் என்ற இடத்துக்குப் போய் விளம்பர அடையாள எண்ணை அழித்துவிடலாம். அதோடு குக்கீயே இல்லாமல், திரை அளவு, எழுத்துருக்கள், கடிகார மண்டலம் போன்றவற்றை ஒன்றுசேர்த்து ஒரு பிரவுசரை அடையாளம் காணவும் முடியும். இணைய உரிமைகளுக்காக இயங்கும் எலக்ட்ரானிக் பிராண்டியர் பவுண்டேஷன் என்ற அமெரிக்க அமைப்பு 2010இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்துப் பார்த்த பிரவுசர்களில் 83.6 சதவீதம் தனித்து அடையாளம் காணத்தக்கவையாக இருந்தன. யூபிளாக் ஆரிஜின் இப்படி அடையாளம் எடுக்கும் தெரிந்த நிரல்களைத் தடுக்கிறது, எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பின்தொடர்வதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் அது தடுக்கிறது. எங்கள் உறுப்பினர்களில் பாதிப்பேர் பள்ளிப் பிள்ளைகள் என்பதால் அந்தப் பிரிவைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. ஆனால் விதிகள் வெளியானதே 2025 நவம்பரில்தான். முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை பிள்ளைகள் சும்மா இருக்கப் போவதில்லை, தினமும் வந்து கணினியில் உட்காருகிறார்கள்.

கடைசியாக, பத்திரிகைகளின் பிழைப்பு. விளம்பரத்தைத் தடுத்தால் அவர்கள் எப்படி நடத்துவார்கள் என்று எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. அச்சிதழில் வரும் விளம்பரத்தை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை, அது என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை. படிப்பவரின் பின்னாலேயே வராத விளம்பரத்தைத் தளங்கள் தாமே போட்டால், இந்தத் தடுப்பானை அந்தத் தளத்துக்கு நிறுத்தி வைக்க நான் தயார். நான் விரும்பிப் படிக்கும் ஒரு சிறு இலக்கியத் தளத்துக்கு அப்படித்தான் பவர் பொத்தானை அழுத்தி வைத்திருக்கிறேன், பெட்டியில் பார்த்தால் அதற்குள் வெளியார் பெயர் ஒன்றுகூட இல்லை. இரண்டு சிற்றிதழ்களுக்கு ஆண்டுச் சந்தா கட்டுகிறேன். அந்தப் பெரியவரும் இப்போது தன் போனில் யூபிளாக் ஆரிஜின் போட்டுக்கொண்டு, ஒரு இதழுக்குச் சந்தா அனுப்பியிருக்கிறார்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐபோன் பயர்பாக்ஸில் எக்ஸ்டென்ஷன் போட முடியாது. ஆகவே சஃபாரியில் யூபிளாக் ஆரிஜின் லைட் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு என்றால் முழுப் பதிப்பே கிடைக்கும், அதைப் போடுங்கள்.